திருப்பிப் படிக்கிறேன், கேட்டுக்குங்க

டீச்சர் மனு எழுதி முடித்ததும் அதை உடனே கையில் கொடுத்துவிட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். "திருப்பிப் படிக்கிறேன், கேட்டுக்குங்க" என்பார். முதலில் தமிழ். வரி வரியாக, அவசரமே இல்லாமல். அப்புறம் அதையே இங்கிலீஷில் எழுதியிருப்பதையும் படிப்பார். எதிரில் இருப்பவர் ஆடு மேய்க்கிறவரானாலும் இங்கிலீஷையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "உங்க பேச்சு அந்தப் பாஷைக்குப் போனா எப்படி இருக்குதுன்னு உங்க காதால கேளுங்க" என்பார். இங்கிலீஷில் ஒரு வரி, அது தமிழில் என்ன என்று ஒரு வரி, இப்படியே கடைசி வரைக்கும் போய், நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"நீங்க சொன்னதுதானா?"

"ஆமா, நான் சொன்னதுதான்" என்று வாய் திறந்து சொன்னால்தான் பேனாவோ கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியோ நம் பக்கம் நகரும். தலையை ஆட்டினால் நகராது. ஒரு வரி இல்லை என்று சொன்னால் மொத்தத்தையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். அடித்துத் திருத்திய மனுவை எவர் கையிலும் கொடுத்ததில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. துணி வெட்டுகிற மேசையை டீச்சருக்கு விட்டுக் கொடுத்திருந்தார் கடைக்காரர். காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் செருப்பு குவிந்துவிடும். ரேஷன் கார்டு, பட்டா, விதவைப் பென்ஷன், ஜாதி சர்ட்டிபிகேட், பட்டாளத்தில் இருக்கிற மகனுக்குக் கடுதாசி. காசு வாங்க மாட்டார். கொத்தவரங்காயோ முட்டையோ கொண்டுவந்து வைத்தால் வாங்கித் தையல்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். கரும்பு லோடு ஏற்றுகிற கூலியாளாக ஆரம்பித்து, கிளீனராகி, டிரைவராகி, சொந்த லாரிக்கு முதலாளி ஆனவன். இன்றைக்கு ஆறு லாரி ஓடுகிறது. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. சின்னசேலம் வரைக்கும் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், நான் யார் என்று ஊருக்கே தெரியும். கொரோனாவில் எல்லாரும் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது நான் நோட்டு வாங்கி எழுதிப் பழகினேன். எழுபது வயதுக்கு மேல் கோர்வையாக எழுதக் கற்றவன் இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால் இதை நானேதான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் லாரிக்குப் பாங்கியில் கடன் கேட்பதற்கு மனு எழுதத்தான் அந்த மேசைக்கு முதல் தடவை போனேன். ரொம்பக் கஷ்டப்படுகிற குடும்பம், கஞ்சிக்கு வழியில்லை என்று எழுதச் சொன்னேன். என்னைப் போல லாரி ஓட்டுகிறவன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது, ஊருக்கே தெரியும் என்றும் எழுதச் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். திருப்பிப் படித்தார். ஒரு வரியில் நான் பிச்சைக்காரனாக இருந்தேன், அடுத்த வரியில் ராஜாவாக இருந்தேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ரெண்டும் நீங்க சொன்னதுதான்ணே. ரெண்டும் இருக்கட்டுமா?"

கஞ்சியை எடுத்துவிடச் சொன்னேன்.

"சரி. ஊருக்குத் தெரியறது இருக்கட்டும். உங்களுக்கு இன்னா தெரியும்? அதச் சொல்லுங்க."

மழை பெய்யும்போது வெள்ளிமலை வளைவுகளில் லோடு சாயாமல் வண்டியை இறக்கத் தெரியும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் முதல் வரியாக வைத்துப் புதிதாக எழுதினார். அந்த வரிக்குத்தான் லாரி வந்தது என்று இன்றும் நம்புகிறேன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி. மிஷன் ஆஸ்டலில் படித்து அந்த இங்கிலீஷைச் சம்பாதித்தவர். கல்யாணமாகி இரண்டே வருசத்தில் புருசன் தவறிப்போனார். பிள்ளை இல்லை. எங்கள் ஊர் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் எடுத்தார். என் மகள் அவரிடம்தான் படித்தாள். பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் மார்க் கிடையாதாம். பாடத்தில் என்ன இருந்தது என்பதை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும், அம்மா என்ன பதில் சொன்னார் என்பதை மறுநாள் வந்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அடுப்பங்கரையில் என் பெண்சாதி ஏதோ கப்பல் கதை கேட்டுக்கொண்டே, "அவன் பொண்டாட்டி பேச்சக் கேட்டிருந்தா கப்பல் முழுவியிருக்காது" என்று சொல்லுவாள். அது மறுநாள் இங்கிலீஷாகி வகுப்பில் நிற்கும். டீச்சர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க பதிலுக்குத்தான் கிளாஸே காத்துக்கினு இருக்குது" என்பார். அவளுக்குப் பெருமை தாங்காது. ஆனாலும் டீச்சருக்குக் காபி கொடுக்கிற டம்ளர் எங்கள் வீட்டில் தனி. ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும். டீச்சர் குடித்து முடித்துத் தானே கழுவி அதே ஜன்னலில் கவிழ்த்துவிட்டுப் போவார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கல்வராயன் மலைக்குப் போவார். கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ் நிச்சயம், அதற்கு மேல் அதிர்ஷ்டம். என் லாரி கடுக்காயும் புளியும் ஏற்ற மேலே போகிற நாளானால் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வேன். இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன், டீச்சருக்கு நான்தான் சாரதி என்று.

மலையில் ஒருவரைக் கரடி கடித்துவிட்டது. இடது கை முழங்கைக்குக் கீழே தொங்கிப்போய், ஆஸ்பத்திரியில் பாதியை எடுத்துவிட்டார்கள். சர்க்கார் உதவி கேட்டு மனு. டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து எழுதுகிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்த மனிதர் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர் இப்படி முடித்தார்:

"கரடி மேல தப்பு இல்லீங்க. அது தேன் தின்னுக்கினு இருந்துச்சு. நான்தான் பாக்காம கிட்ட பூட்டேன்."

டீச்சர் அதையும் எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. அதை எழுதினால் ஆபீசில் ஒன்றும் தர மாட்டார்கள், விட்டுவிடுங்கள் என்று அவர் காதோரம் சொன்னேன். டீச்சர் மலைக்காரரைப் பார்த்து, இந்த வரி இருந்தால் உதவி கிடைக்காமல் போகலாம், இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அவர் இருக்கிற கையால் தாடையைத் தேய்த்தார்.

"இருக்கட்டுங்க. நாளைக்கும் நான் அந்தக் காட்டுக்குள்ளதான போவணும்."

மனு திரும்பி வந்தது. டீச்சர் மறுபடி எழுதினார். ஆறு தடவை, ஆறிலும் கரடி மேல் தப்பு இல்லை. ஏழாவது தடவை யாரோ ஒரு அதிகாரி படித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். அதற்குப் பிறகு ஒருநாள் மலையிலிருந்து இறங்கி வரும்போது லாரியில் டீச்சரைக் கேட்டேன், அந்த ஒரு வரியை விட்டிருந்தால் முதல் தடவையே முடிந்திருக்குமே, ஏன் இந்தப் பிடிவாதம் என்று.

"எழுதத் தெரியாதவங்க நம்ம கையில வாயக் குடுத்துட்டுப் போறாங்கண்ணே. அதுல நாம கை வெச்சா அப்புறம் அவங்களுக்கு இன்னா இருக்குது?"

நான் கியர் மாற்றிக்கொண்டே சரி சரி என்றேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. அந்த வருசங்களில் மேலதிகாரி ஒருவர் வடக்கத்திக்காரர், தமிழ் படிக்க வராது. மனுக்களை இங்கிலீஷில் மாற்றிக் கேட்பார். கீழே ஒரு ஆபீசில் இருந்த குமாஸ்தாவுக்கு அது சிரமமான வேலை. அவர் வாரம் முழுக்க வந்த தமிழ் மனுக்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சணலில் கட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சருக்கு அனுப்பிவிடுவார். டீச்சர் மாற்றி எழுதித் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுவார். கூலியும் இல்லை, நன்றியும் இல்லை.

அதற்கெல்லாம் முதல் எழுத்து எழுதிப் பார்ப்பது என் காலண்டரில்தான். இரண்டாவது லாரி வாங்கிய வருசத்திலிருந்து என் படம் போட்ட தினசரி காலண்டர் அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தேன். டீச்சர் ஒவ்வொரு நாளும் கிழிக்கிற தாளை எறிய மாட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதிப் பார்த்து, அடித்து, திருத்தி, அப்புறம்தான் நல்ல காகிதத்தில் ஏற்றுவார். தாள்கள் சேர்ந்ததும் தையல்காரரிடம் நூல் வாங்கிக் கோத்துவைப்பார். காலண்டர் தீர்ந்ததும் மிஞ்சுகிற அட்டை, அதில்தான் நான் மீசையோடு சிரித்துக்கொண்டிருப்பேன், அதுதான் அவருக்கு எழுதுபலகை. மடியில் என் முகத்தைக் கவிழ்த்து வைத்துத்தான் ஊர் மனுவெல்லாம் எழுதினார்.

அப்புறம் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனம் ரோட்டுக்கு வந்த வருசம் வந்தது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. நானும் நின்றேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படவில்லை. படித்தும் வேலையில்லாமல் எங்கள் பிள்ளைகள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டது நியாயம். அந்த மனுவையும் எழுதிக் கொடுத்தவர் டீச்சர்தான். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்று சொல்லச் சொல்ல, ஒரு சொல் குறையாமல் இரண்டு பாஷையிலும் எழுதினார். "நீங்க சொன்னதுதானா?" என்று பத்துப் பேரையும் தனித்தனியாகக் கேட்டார்.

வெட்கப்பட வேண்டியது வேறு. ரோட்டு மரங்களை எடுத்த பிறகும் ஒரு மரத்தை நாங்கள் எடுக்கவில்லை. அது எங்கள் ஊர்க் காலனிக்குப் போகிற பாதையில் கிடந்த மரம். அங்கே வெட்டிப் போடத் தேவையே இல்லை. கூட்டம் சேர்ந்துவிட்டால் கை அடங்குவதில்லை. அவர்கள் எங்களோடு வந்து நிற்கவில்லை என்று ஒருவன் சொன்னான், அது போதுமாக இருந்தது. ஒருபக்கம் கரும்புத் தோட்டம், ஒருபக்கம் வாய்க்கால், நடுவில் மரம்.

அந்த நாட்களில் காலனியில் ஒரு பெரியவர் செத்துப்போனார். என் முதல் லாரிக்கு முதல் லோடு கரும்பு ஏற்றியவர். சுடுகாட்டுக்கு அந்தப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது. மரத்தை நகர்த்திக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். தொடக்கூடாது என்று எங்கள் பையன்கள் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களில் நான்தான் பெரிய ஆள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரம் நகர்ந்திருக்கும். நான் சும்மா நின்றேன். நாலு பேர் அடிமரத்தின் மேல் ஏறி நின்று, பாடையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி, அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டு போனார்கள். பாடை ஒருபக்கம் சாய்ந்தபோது பிணத்தின் கை வெளியே வந்து மரப்பட்டையில் உரசியது. என் முதல் லோடை ஏற்றிக் கட்டிய கை.

ஞாயிற்றுக்கிழமை காலனிக்காரர்கள் தையல்கடைக்குப் போனார்கள். செய்தி எனக்கு வந்தது. நானும் போனேன். எழுதி முடித்துத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். "பொணத்த மரத்து மேல ஏத்தி எறக்கினோம். லாரிக்கார மொதலாளி பாத்துக்கினு நின்னாரு." நான் வாசலில் நிற்பதைப் பார்த்தும் குரலைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அப்புறம் இங்கிலீஷ். அதில் என் லாரி மட்டும் எனக்குப் புரிந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டேன். மரத்தை வெட்டியவன் நான் இல்லை, யார் மேலும் கை வைக்கவில்லை, அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் என்று. கையை எடுத்துக் கும்பிடவும் செய்தேன். எனக்கு அது பழக்கம் இல்லை.

"டீச்சர், நின்னது ஒரு குத்தமா?"

"குத்தம்னு எழுதலண்ணே. நின்னீங்கன்னு எழுதியிருக்கேன்."

"உங்கள மலைக்கு இட்டுக்கினு போனவன் நானு."

"அதயும் யாராவது கேட்டா எழுதித் தருவேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. கண் கலங்கியிருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். என் லாரியையே கொண்டுவரச் சொல்லி, சங்கிலி கட்டி, காலனி ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்க, என் கையாலேயே மரத்தை இழுக்கவைத்தார்கள். யாரும் கைதட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. செத்தவரின் பெண்சாதி மட்டும் பாதையில் கிடந்த சிராய்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார், அடுப்புக்கு. என்னை இந்த நிலைக்கு ஆளாக்கியது அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது.

நாலாம் நாள் சின்னசேலத்துக்குப் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் மனு எழுதினால் ஆள் தெரிந்துவிடும். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர் இருந்தார். மேலதிகாரிக்குக் கையெழுத்து இல்லாத மொட்டைக் கடுதாசி ஒன்று சொன்னேன். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்றேன். மனுவுக்குக் காசு வாங்குகிறார், மலை ஜனத்தையும் காலனியையும் ஊருக்கு எதிராகத் தூண்டிவிடுகிறார் என்றேன். அந்த ஆள் விறுவிறுவென்று எழுதினார். இன்னும் ஏதாவது உண்டா என்றார். அப்போது இன்னொன்றும் சொன்னேன். அவர் அதையும் எழுதி, மடித்து, கவரில் போட்டு ஒட்டிவிட்டார். திருப்பிப் படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் டீச்சரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதெல்லாம் இல்லை என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஊர் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கிறது, எதற்கு வம்பு என்று தெற்கே கடலோரம் ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் பெண்சாதி, எந்தப் பாவி செய்த வேலையோ என்று என் எதிரிலேயே மண்ணை வாரித் தூற்றினாள்.

போகுமுன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்த டீச்சர், என் லாரி ஆபீசுக்கும் வந்தார். நின்றபடியே பேசினார்.

"வர்ற வருசக் காலண்டர் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்கண்ணே. ஆளு அனுப்பறேன்."

சரி என்றேன். படி இறங்கியவர் திரும்பினார்.

"இனிமே யாருகிட்டயாவது மனு எழுதனீங்கன்னா, எழுதி முடிச்சதும் ஒரு தபா திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கண்ணே."

நம் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பஸ் ஏறிய அன்று மலையிலிருந்து நாற்பது ஐம்பது பேர் இறங்கி வந்து நின்றார்களாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

காலண்டரை எடுத்து வைத்தேன். ஆள் வரவில்லை. அடுத்த வருசமும் வைத்தேன். நாலாவது வருசம் கைபோன மலைக்காரர் என் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்தார். டீச்சர் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார், திருக்கோவிலூரில் அடக்கம் செய்தார்கள், நான் போய்விட்டுத்தான் வருகிறேன் என்றார். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"இப்ப மனு எழுதறவங்க நாம சொல்றத எழுதறது இல்லீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சத எழுதறாங்க. கரடின்னா கரடிதான் கெட்டதுன்னு எழுதிடறாங்க."

அதற்குப் பிறகு லாரி பெருகியது, வீடு மாடி ஆனது, மகள் டீச்சராகி ஹெட்மிஸ்டிரஸும் ஆனாள். சென்ற மாசம் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அங்கே டீச்சரின் தங்கை மகளைப் பார்த்திருக்கிறாள். பெரியம்மா பெட்டியில் உங்கள் அப்பா படம் போட்ட காலண்டர் அட்டை இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாருங்கள், இத்தனை வருசம் கழித்தும் என் முகத்தை அவர் எறியவில்லை. வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு, டீச்சர் கேட்ட வருசத்துக்கு எடுத்து வைத்த காலண்டரையும் பையில் போட்டுக்கொண்டு, கார் வைத்துத் திருக்கோவிலூர் போனேன்.

தங்கை மகள் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறது. நல்ல மரியாதை. நாற்காலி போட்டு, காபி கொடுத்து, தகரப் பெட்டியைத் திறந்து அட்டையைக் கொடுத்தது. மீசையோடு நான். அட்டையைத் திருப்பினால், பின்னால் காலண்டர் தாள்கள் ஒரு கட்டு, கறுப்பு நூலால் கோத்துத் தைத்திருந்தது. மற்ற தாள்கள் எல்லாம் மூட்டையாகக் கிடந்தன, இந்த ஒரு கட்டு மட்டும் என் படத்தோடு சேர்த்துத் தைத்திருந்தது. தேதியைப் பார்த்தேன். நான் சின்னசேலம் போய்வந்த அடுத்த வாரம்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"பெரியம்மா மேல வந்த மொட்ட பெட்டிசன்ங்கய்யா. இங்கிலீஷ்ல மாத்தி எழுதிப் பாத்திருக்காங்க."

வெள்ளிக்கிழமைக் கட்டு. பிரித்துப் பார்க்காத குமாஸ்தா. அவர் மேல் வந்த மனுவும் அந்தச் சணல் கட்டுக்குள்ளேயே அவர் கைக்கு வந்திருக்கிறது. கிழித்து அடுப்பில் போட்டிருந்தால் கேட்க ஆள் கிடையாது. உட்கார்ந்து மாற்றி எழுதி, திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"படிம்மா" என்று அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. காசு வாங்குகிறாள். தூண்டிவிடுகிறாள். ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றையும் மழுப்பவில்லை. நான் சொன்ன அடுக்கிலேயே இருந்தது. கடைசித் தாளில் அந்தப் பெண் நிறுத்திக்கொண்டது.

"இந்த ஒரு வரிய மட்டும் நாலு தடவ அடிச்சு அடிச்சு எழுதியிருக்காங்க. மொதல்ல கொஞ்சம் லேசான வார்த்த போட்டிருக்காங்க. அப்புறம் அத அடிச்சிட்டு, அதவிடக் கனமா. கடைசியா இருக்கறதுதான் இருக்கறதுலயே மோசம்."

"படி."

"புருசன் இல்லாத பொம்பள, மலையில ராத்தங்கறது எதுக்குன்னு ஊருக்கே தெரியும்."

இத்தனை வருசமும் அந்த வரியை எழுதுகிறவர் தானாகச் சேர்த்துக்கொண்டார் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். நம்பியும் விட்டிருந்தேன். ஆனால் ஊருக்கே தெரியும் என்று இந்தப் பக்கத்தில் பேசுகிறவன் யார்? அது இங்கிலீஷுக்குப் போய், அங்கேயிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தும் என் வாயாகவே இருந்தது. டீச்சருக்கு முதல் தடவை படித்தபோதே தெரிந்திருக்கும். தெரிந்துதான், என் வாய் கெட்டுப்போகாமல் அப்படியே அந்தப் பாஷையில் ஏற்ற நாலு தடவை அடித்து எழுதியிருக்கிறார். தெரிந்துதான் என் ஆபீஸ் படி ஏறி வந்து, காலண்டர் கேட்டிருக்கிறார்.

"இத யாரு எழுதினதுன்னு பெரியம்மா சொல்லவே இல்லீங்கய்யா" என்றது அந்தப் பெண். "இதுல இருக்கறது நெசமா இல்லியான்னு எங்கம்மா சாவற வரைக்கும் மனசுக்குள்ள வெச்சிக்கினே இருந்தாங்க. அக்காவ நேரா கேக்கவும் முடியல."

எனக்கு எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. கார் வாசலில் நின்றது. அந்தப் பெண்ணுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. காபியில் ஆடை கட்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், எனக்குக் கொடுத்தது வீட்டிலேயே நல்ல டம்ளர்.

"மொதல்லருந்து ஒரு தபா திருப்பிப் படிம்மா" என்றேன்.

எதற்கு என்று கேட்காமல் படித்தது. இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பார்வை அப்படியே டீச்சர் பார்வை.

"ஆமாம்மா" என்றேன். "நான் சொன்னதுதான். இதுல ஒண்ணுகூட நெசம் இல்ல. ஆனா எல்லாம் நான் சொன்னது."

கடைசித் தாளின் அடியில் ஒரு சின்ன வரி இருந்தது. கையெழுத்து இல்லை என்று டீச்சர் இங்கிலீஷில் எழுதிவைத்த வரியாம். அதற்குக் கீழே இடம் இருந்தது. பேனா கொடும்மா, போடுகிறேன் என்று கேட்டேன்.

அந்தப் பெண் நூலைச் சரிசெய்து, அட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடியது.

"வேணாங்கய்யா. அது பெரியம்மா எழுத்து. உங்க கையெழுத்து போடணும்னா வேற காயிதம் பாத்துக்குங்க."

அந்த வேறு காகிதம் இதுதான்.